ரியர் மட்ஃப்ளாப்: நீங்களே மாட்டிக்கொள்ளலாம்

கார் சாமான் கடை வைத்திருப்பவனுக்குப் பக்கத்துக் கடைக்காரன் எதிரி இல்லை; "இத நானே மாட்டிக்கறேங்க" என்று சொல்லி, பொருளை வாங்கிக்கொண்டு போகிறாரே, அவர்தான். அந்த எதிரிகளை நானே போர்டு வைத்துக் கூப்பிட்டவன் என்பதால் என் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சொந்தக் காருக்குப் பின்னால் மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழுந்து, கழற்றிய ஸ்க்ரூ எங்கே உருண்டது என்று தேடியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும்.

அதியமான்கோட்டையில், ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் எங்கள் கடை. சீட் கவர், மேட், ஹார்ன், டேஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார் எல்லாம் கிடைக்கும். கல்லாவில் என் மனைவி செல்வி. எனக்கு முதுகுப் பிடிப்பு. குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். அதனால் மாட்டுகிற வேலை முழுக்க எங்கள் ஒரே மகள் கயல்விழி பார்த்தாள். பி.காம். முடித்தவள். காருக்கு அடியில் போய்விட்டால் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வர மனசு வராது அவளுக்கு.

போன வருஷம் அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கடைப் பக்கம் நோட்டம் விட வந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து இவள் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து, "என்ன வேணுங்க அத்தை" என்று கேட்டிருக்கிறாள். அதோடு சரி. அந்த இடம் தட்டிப்போனது. செல்வி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். கயல் கழுத்தில் தாலி ஏறுகிற வரை அவள் கையில் ஸ்பேனர் ஏறக்கூடாது.

அது மழைக்காலம், சக்கரத்துச் சேறு தெறிக்காமல் தடுக்கிற ரப்பர் மட்ஃப்ளாப் நன்றாக விற்கிற நேரம். மாட்ட ஆள் இல்லை. கார் சாமான்களிலேயே மாட்டச் சுலபமானது பின்சக்கரத்து மட்ஃப்ளாப்தான். வண்டியிலேயே இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றி, ரப்பரை வைத்து, அதே ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினால் முடிந்தது. ஆகவே கடை வாசலில் போர்டு எழுதி வைத்தேன். ரியர் மட்ஃப்ளாப், நீங்களே மாட்டிக்கொள்ளலாம். அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி.

ஆட்டுக் காது

போர்டைப் பார்த்து முதலில் வந்தவர் தருமபுரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். ரப்பரில் இடது வலது உண்டு, வளைவு உள்பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல "ஆங், ஆங்" என்றார். புதுக் கார் வாங்கினவர்களுக்கு அந்த ஒரு மாதத்துக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கயல் நின்றுகொண்டு, அவர் எடுக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தன் கையைப் பிசைந்தாள். அவள் வெளியே பாய்ந்துவிடாமல் செல்வி அவள் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். இடது ரப்பர் வலதிலும், வலது ரப்பர் இடதிலும் உட்கார்ந்திருந்தன. இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, ஆட்டுக் காது மாதிரி நின்றன. "மாத்திப் போட்டுட்டீங்க, கழட்டி மாட்டிருங்க" என்றேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மறுபடியும் படுக்க அவருக்கு உடம்பு வளையவில்லை என்று தெரிந்தது.

"இருக்கட்டும்ங்க. பின்னாடி வர்றவனுக்கு நம்ம வண்டி கொஞ்சம் பெருசாத் தெரியும்."

இரும்பு படாத வண்டி

அடுத்து வந்தவரைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தூக்கம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. பெயர் மாதையன். மாரண்டஹள்ளியில் தக்காளித் தோட்டம், கூடவே மண்டி. அவர் மகன் பிரபு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்குக் கயலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் பேசிவிட்டார்கள். வழக்கமாக மாப்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத கயல், "பரவால்லப்பா, கேக்கறதுக்கு பதில் சொல்றான்" என்று சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய சர்டிபிகேட்.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். மாதையன் வீட்டு வழக்கப்படி குலதெய்வக் கோயிலில் பூக் கேட்க வேண்டும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆளை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுவரை வாக்குக் கிடையாது. அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிடவும் மாட்டார். கடைக்காரரே என்பார். சம்பந்தி என்கிற அந்த ஒரு சொல் எப்போது வரும் என்று செல்வி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் புதிதாக வாங்கிய ஏழு சீட் வண்டி வெள்ளை நிறம். பின்பக்கம் முழுக்கத் தோட்டத்துச் செம்மண் தெறித்திருந்தது. "ஆத்தா முன்னாடி நிறுத்தப்போற வண்டிங்க. இப்பிடியா கொண்டுபோவேன்?" என்றார். கயல் சடாரென்று உள்ரூமுக்குள் போய்விட்டாள். நான் மட்ஃப்ளாப் செட்டை எடுத்து, துளை போட வேண்டியதில்லை, இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் போதும் என்று விளக்கினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர்கள் வீட்டில் புது வண்டி குலதெய்வத்தைப் பார்க்கிற வரை அதன்மேல் இரும்பு படக்கூடாதாம். முடுக்கவும் கூடாது, கழற்றவும் கூடாது. அப்படியானால் கோயிலுக்குப் போகும்வரை தற்காலிகமாகக் கட்டிவைக்கலாம் என்று ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் கொஞ்சத்தையும் பையில் போட்டுக் கொடுத்தேன். அந்த டேக்கை வெளிச்சத்தில் பிடித்து வளைத்துப் பார்த்தார். மனசுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானே கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். என் முதுகையும் வாசல் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே. தோட்டம் பூராத் தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டுனவன், ரெண்டு ரப்பரு கட்டமாட்டனா கடைக்காரரே?"

ஒரு பின்னோக்கிய பயணம்

மாதையன் போன பிறகு வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு அரசு அலுவலர். கூட அவர் மனைவி. இவர் வேறு ரகம். ஒரு கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஸ்க்ரூக்களை வரிசையாகக் கைக்குட்டையில் வைத்தார். சக்கரம் இடிக்காமல் இருக்கக் கட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். இடது இடதில், வலது வலதில். வளைவு உள்ளே. ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்காமல், எல்லாவற்றையும் பாதி பாதி முடுக்கி, ரப்பரை நேர் பார்த்து, அப்புறம் இறுக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் கயலின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. போர்டு வைத்தது வீண்போகவில்லை என்று நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துவிட்டு, பெருமையாக வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். எங்கள் கடை முன்னால் சாக்கடைக்கு ஒரு சிமெண்ட் கரை இருக்கிறது. பின்சக்கரம் அதில் ஏறியது. சக்கரத்துக்கும் கரைக்கும் நடுவில் புது ரப்பர் மாட்டிக்கொண்டு, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கி வந்து பார்த்தவர் கையில் பாதி மட்ஃப்ளாப் இருந்தது. மட்ஃப்ளாப் போட்டவர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது கரை, கல், படிக்கட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருந்த சேறே போதும்னு நான் வூட்லயே சொன்னேன்."

படுத்தபடி ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதையனிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. "வண்டிக்குப் பின்னாடி படுத்துட்டிருக்கேங்க" என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். செல்வி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள், கயல் உள்ளே இருந்து வந்தாள். மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றோம்.

வாடிக்கையாளரிடம் "தப்புங்க" என்று சொல்லலாம். இன்னும் பூ எடுக்காத சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? "அப்பிடியும் பண்ணலாம்ங்க, இப்பிடியும் பண்ணலாம்ங்க" என்று இழுத்தேன். கயல் என் காதில், "டயருக்கும் ரப்பருக்கும் நடுவுல கை போவுதான்னு கேளுப்பா" என்றாள். கேட்டேன். "கை என்னங்க, செம்பே போவுது" என்றார். "வண்டில ஆளே இல்லாதப்ப போவும். ஆளுங்க ஏறி உக்காந்து வண்டி எறங்குனப்புறம் பாக்கணும், அதச் சொல்லு" என்று கயல் மறுபடி இடித்தாள். செல்வி அவளை முறைத்த முறைப்பில் அவள் வாயை மூடினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் ரப்பரை யாரோ பட்டென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், போனை வைப்பதற்கு முன்னால்.

"ஆச்சுங்க கடைக்காரரே. மாடு பூட்டி இழுத்தாலும் வராது."

நல்ல நேரம்

கோயிலுக்குப் போகும் நாள் வந்தது. கோயில் மேட்டூர்ப் பக்கம். மாரண்டஹள்ளியிலிருந்து அவர்கள் வந்து, அதியமான்கோட்டையில் எங்களை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. வெள்ளை வண்டி கழுவி, மாலை போட்டு, பளிச்சென்று வந்து நின்றது. நான் முதலில் பார்த்தது பின்சக்கரத்தைத்தான். ரப்பர் இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. அப்பாடா என்று இருந்தது. மனுஷன் சொன்னதைச் செய்துவிட்டார்.

பிரபு ஓட்ட, மாதையன் முன்னால். நடு சீட்டில் அவர் மனைவி பழனியம்மா, செல்வி, கயல். பின்சீட்டில் பொங்கல் பானை, விறகுக் கட்டு, தேங்காய் மூட்டை, கோயில் சாப்பாட்டுக்கு இரண்டு கிரேடுப் பெட்டித் தக்காளி, அவற்றுக்கு நடுவில் நான். விறகை உள்ளே தள்ளக் குனிந்தபோதுதான் ரப்பருக்குப் பின்னால் ஏதோ மின்னியது. கட்டுக்கம்பி. தக்காளிக் குச்சியைக் கட்டுகிற அதே கம்பி. பிளாஸ்டிக்கை நம்பாமல், பம்பர் இடுக்கில் கம்பியை விட்டு, முறுக்கு மேல் முறுக்காகக் கட்டியிருந்தார். தோட்டத்தில் முறுக்கின முனையை ஆள் மேல் குத்தாமல் உள்பக்கமாக மடக்கிவிடுவார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் உள்பக்கம் மடக்கியிருந்தார். இங்கே உள்பக்கம் இருந்தது டயர்.

நான் வாய் திறப்பதற்குள் என்னையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள். "நல்ல நேரம் முடியப்போவுது, எடுடா" என்றார் மாதையன். ஆத்தாவைப் பார்க்கக் கிளம்பின வண்டியை நடுவில் நிறுத்தினால் அவர்கள் வீட்டில் ஆகாது என்று பழனியம்மா அப்போதுதான் செல்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி ஹைவேயில் ஏறியது. அவ்வளவு பேரும் அவ்வளவு சாமானும் ஏறியதில் பின்பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் எனக்குக் கீழே கிர்ர் என்று ஒரு சத்தம். முன்னால் கயலின் கழுத்து விறைத்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது. நிறுத்தச் சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் டயர் போகும், டயர் போனால் நாங்கள் எல்லோரும்தான் போவோம். ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, "வண்டில ஏதோ சத்தம் வர்றாப்பல இருக்குதுங்களே" என்றேன். மாதையன் திரும்பாமலே சிரித்தார்.

"புது வண்டி பாருங்க. இப்பத்தான் பேசிப் பழகுது."

டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோல்கேட் தாண்டினால் தொப்பூர் இறக்கம். லாரிகள் பிரேக் வாடையோடு இறங்குகிற இடம். அங்கே போய் டயர் வெடித்தால் பொங்கல் பானையைக்கூடப் பொறுக்க முடியாது. நான் கடவுளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுகர் இருக்கிறது, அவசரமாக இறங்க வேண்டும் என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். டோல்கேட்டில் வண்டி வரிசை நகர்ந்தது, நாங்கள் தாண்டினோம், அப்போது கிர்ர் சத்தம் நிற்காமல் வர ஆரம்பித்தது.

"பிரபு, வண்டிய ஓரம் கட்டுங்க" என்றாள் கயல். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பெண் பார்க்கும்போது பேசிய குரலும் இல்லை, கடையில் பேசுகிற குரல். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு, ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டான். பழனியம்மாவின் முகம் வெளுத்தது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மாதையன் மெதுவாகத் திரும்பிக் கயலைப் பார்த்தார். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

கயல் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டியிருந்தது பட்டுப் புடவை. கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்றாள். அவர் வந்தார். டயரின் பக்கவாட்டில், சுற்றிலும், கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கயலின் விரலில் கறுப்பாக ரப்பர் தூள். தன் கைப்பையைத் திறந்து, கைக்குட்டைக்கு அடியிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தாள். அவ்வளவு மாதமாகச் சட்டம் போட்டு வைத்திருந்த செல்வி, அதைப் பார்த்து என்னைப் பார்த்தாள். சத்தியமாக எனக்கும் தெரியாது.

தேங்காய் மூட்டைச் சாக்கை உதறிக் கீழே விரித்துப் படுத்து, கம்பிகளை நறுக்கி, ரப்பர் இரண்டையும் எடுத்துவிட்டாள். இன்னொரு பக்கத்து டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே முனை கொஞ்சம் தள்ளி மடங்கியிருந்தது. இந்தப் பக்கத்து டயரோடு இறக்கத்தில் போகக்கூடாது, ஸ்டெப்னி மாற்ற வேண்டும் என்றாள். பிரபு ஜாக்கியைத் தேடி எடுத்து வந்தான். கயல் எழுந்து, புடவையில் மண்ணோடு மாதையன் முன்னால் நின்றாள். "மாமா, இன்னும் கோயிலுக்குப் போவல. ஸ்பேனர் போட்டாத்தான் சக்கரத்தக் கழட்ட முடியும். நீங்க சொன்னாப் போடறேன்" என்றாள். அவர் கீழே இறங்குகிற லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த, அவள் நறுக்கிக் கொடுத்த கம்பித் துண்டைப் பார்த்தார்.

"கம்பியும் இரும்புதான. நானே மொதல்ல போட்டுட்டேன். நீ போடு தாயி, ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன்."

வெள்ளை அரளி

இறக்கத்தை இறங்கி முடித்தபோது நான் விட்ட பெருமூச்சில் தேங்காய் மூட்டை ஆடியிருக்கும். உயிர் தப்பியது. ஆனால் கோயில் வரைக்கும் மாதையன் அந்தக் கம்பித் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். கயலின் புடவையில் தோள் பக்கம் கிரீஸ். செல்வி தன் முந்தானையால் அதை மறைத்து மறைத்துப் பார்த்தாள். போன வருஷத்து அத்தை ஞாபகம் அவளுக்கு. எனக்கும்தான். அந்த அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டே ஓடிவிட்டார், இவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார்கள். கிளம்பின வண்டியை நிறுத்தியாயிற்று. இரும்பும் பட்டாயிற்று. அவர்களுக்கு ஆகாதது எல்லாம் ஒரே டீக்கடையில் நடந்துவிட்டது.

கோயிலில் வண்டிக்குப் பூஜை நடந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். பொங்கல் பொங்கியது. பூசாரி அரளிப் பூக்களைத் தட்டில் கொண்டுவந்தபோது மாதையன், "எங்க பொட்டலத்த நானே மடிச்சுக்கறேன் சாமி" என்று வாங்கிக்கொண்டு, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்தார். எதையும் தன் கையால் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. கம்பி முறுக்கின கையால் வாழையிலையை மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த வேறு ஊர் அம்மா ஒருவரை எடுக்கச் சொன்னார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒன்றைத் தொட்டார், விட்டார், மற்றதை எடுத்தார். கயல் பிரபுவைப் பார்க்கவில்லை, பொட்டலத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளை அரளி.

பழனியம்மா குங்குமத்தை எடுத்துக் கயலின் நெற்றியில் வைத்து, அப்படியே கிரீஸ் பட்ட தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். செல்வி அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது. பிரபு மட்டும் சிரித்துக்கொண்டே போய் ஸ்டெப்னி போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். அந்தச் சந்தோஷத்தில், அம்மன் காலடியில் மிச்சம் இருந்த பொட்டலத்தையும் பிரசாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து, நாரை அவிழ்க்கப் போனேன். மாதையன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பூசாரி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகில் வந்தார்.

"சம்பந்தி, அத பிரிக்காதீங்க. அதுலயும் வெள்ளதான் இருக்குது. ஆத்தா டீக்கடைலயே சொல்லிட்டா."

ஆக, ரியர் மட்ஃப்ளாப்பை யார் வேண்டுமானாலும் தாங்களே மாட்டிக்கொள்ளலாம், எங்கள் சம்பந்தியைத் தவிர.